தறி நின்றால் விழித்துக்கொள்ளும் பையன்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறித் தெரு. முகவரி அவ்வளவுதான். சில குடும்பங்களில் பார்த்ததை ஒன்றாகக் கோத்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். அதனால் 'இது நம்ம தெருக்காரங்களாச்சே' என்று யாரும் தேட வேண்டாம்.

வந்த புகார்

பையனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து போகவில்லை. தீபாவளி கழிந்த பிறகுதான் என்னிடம் கூட்டி வந்தார்கள். அதற்குள் 23 வேலை நாள் போய்விட்டது. உடன் வந்தவர்கள் அம்மா, அப்பத்தா, இரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை. அப்பா வரவில்லை. "நைட் ஓட்டம் மேடம், பகல்ல தூங்குவாரு" என்றார் அம்மா.

ஜவுளிக்கடைப் பை ஒன்றில் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் இருந்தன. வயிற்று ஸ்கேன், ரத்தம், சிறுநீர், மலம், எதிலும் கோளாறு இல்லை. குடற்பூச்சி மாத்திரையும் அல்சர் மருந்தும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த குழந்தை மருத்துவர்தான் மனநல ஆலோசனைக்குப் போகும்படி எழுதியிருந்தார்.

"எட்டு மணிக்கு வயிறு வலிக்குதுங்கிறான். பத்து மணிக்குச் சரியாப் போயிருது. எந்த வலியாவது மணி பாத்து வருமா மேடம்?" என்று கேட்டார் அம்மா.

வரும் என்றேன். குடலுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பு வழியாகச் சேதி போய் வந்துகொண்டே இருக்கிறது. பயத்தில் குடல் இறுகும், வயிறு பிசையும், சிலருக்கு வாந்தியே வரும். பரீட்சை அன்று காலையில் கழிப்பறைக்கு நாலு தரம் ஓடாதவர்கள் யார்? ஸ்கேனில் தெரியாது என்பதால் அந்த வலி நடிப்பாகிவிடாது. இதைச் சொன்னதும் பையன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். ஒன்றரை மாதமாக எல்லோரும் அவனை நடிக்கிறான் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்து பார்த்தவை

பையன் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்பது அப்பத்தாவின் கணக்கு. மேலமடை பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார், கையில் கயிறு கட்டியிருக்கிறார், தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் திருநீறு பூசுகிறார். இதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. திருநீறு பூசும் கை அந்தப் பிள்ளையின் நெற்றியில் கொஞ்ச நேரம் தங்குகிறதே, அதுவும் ஒரு வைத்தியம்தான். வேப்பிலையால் அடிக்க யாரிடமாவது கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் தடுத்திருப்பேன். அப்பத்தாவும் அந்த ஆள் கிடையாது.

தாய்மாமன் வழி வேறு. ஒரு திங்கட்கிழமை பெல்ட்டால் நாலு போட்டு, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளி வாசலில் இறக்கியிருக்கிறார். கேட்டுக்குப் பக்கத்திலேயே பையன் வாந்தி எடுத்துவிட்டான். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு முன் பள்ளியைப் பற்றி அவனுக்குப் பயம் இருந்ததோ இல்லையோ, அன்றைக்கு வந்துவிட்டது.

பள்ளியிலிருந்து 'டிசி வாங்கிக்கங்க' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அதை அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியரிடம் பேசியபோது அந்தத் தாளை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நல்ல மனுஷி.

நான் தப்பாகப் போட்ட கணக்கு

காலையில் வலி, பள்ளி நேரம் கடந்ததும் வலி இல்லை. இதைக் கேட்டதும் என் மனது நேராகப் பள்ளிக்குப் போய்விட்டது. கேலி, அடிதடி, கணக்கு டீச்சர், கழிப்பறை, வேனில் வம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணக்கு டீச்சர் கொஞ்சம் வைவார் என்றான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் கேட் வரை போய்விட்டுத் திரும்புவது, மறுநாள் ஒரு பீரியடு, அடுத்து இரண்டு என்று ஒரு படிப்படியான திட்டம் போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிற முறை. பத்து நாள் பார்த்தோம். இவன் கேட் வரை அமைதியாக நடப்பான். உள்ளே போகச் சொன்னால் போவான். இருபது நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவான். வெளியே வந்து கடைத்தெருவுக்கோ விளையாடவோ போவதில்லை, நேராக வீடு. பள்ளிக்குப் பயந்த பிள்ளைக்குக் கேட்தான் கஷ்டமாக இருக்கும். இவனுக்குக் கேட் ஒரு பிரச்சினையாகவே இல்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்க வைத்தது அந்த வீட்டு நாள்காட்டி. பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரில், வலி வந்த நாளெல்லாம் அம்மா சிவப்பு மையால் ஒரு 'வ' போட்டிருந்தார். என்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக் கொண்டுவரவில்லை, பால்காரர் பாக்கியைச் சரிபார்க்கப் பையில் வைத்திருந்திருக்கிறார். முதல் 'வ' பள்ளி திறந்த அன்று இல்லை. அதற்கு நாலு நாள் முன்னால், ஆயுத பூசைக்கு மறுநாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு 'வ'.

"அன்னைக்கு வாடிப்பட்டியில அம்மாச்சி வீட்டு விசேஷம். இவனையும் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுக் கெளம்புனேன், பஸ்ஸ்டாண்டுலயே வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான். அவுகப்பாதான் வீட்ல இருந்தாரு, அவருகிட்டயே விட்டுட்டுப் போயிட்டேன்."

அம்மாச்சி வீட்டில் கணக்கு டீச்சர் கிடையாது.

வீட்டுப் படம்

அடுத்த முறை பையனைத் தனியாகப் பார்த்தேன். பேச்சைத் தொடங்குமுன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: நீ சொல்வது எனக்குள் இருக்கும். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று எனக்குப் பட்டால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன், சொல்லுமுன் உன்னிடம் சொல்லிவிடுவேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

ஒரு தாளைக் கொடுத்து, ராத்திரியில் வீடு எப்படி இருக்கும், யார் எங்கே படுப்பார்கள் என்று வரையச் சொன்னேன். முன்னால் திண்ணை, ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகையில் இரண்டு தறி. தறிகளை மட்டும் அவ்வளவு நுணுக்கமாக வரைந்தான். பாவு உருளை, நாடா, மோட்டார் பெல்ட்டுகூட இருந்தது. கொட்டகைச் சுவரை ஒட்டி ஒரு பாய். அது அவனுடையது. முன்பு அந்த இடத்தில் அப்பத்தா படுத்திருந்தார்.

"இவ்வளவு சத்தத்துல எப்படிப்பா தூக்கம் வருது?"

"சத்தம் இருந்தாத்தான் மிஸ் தூக்கம் வரும்."

"நின்னா?"

"முழிச்சிருவேன்."

"முழிச்சு?"

பதில் இல்லை. பென்சிலால் தறியின் மேலேயே திரும்பத் திரும்பக் கோடு இழுத்தான், தாள் கிழிகிற அளவுக்கு. அப்புறம் சொன்னான், எண்ணுவானாம். நூல் அறுந்திருந்தால் முடிந்து ஓட்ட எத்தனை எண்ணிக்கை ஆகும், தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி) தீர்ந்திருந்தால் மாற்ற எத்தனை ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டுக்கும் மேலே போய் நூறு வந்தால் எழுந்து, தகரத்தில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார்ப்பான்.

ஆயுத பூசை அன்று தெரு முழுக்கத் தறி ஓடாது. துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து விட்டுவிடுவார்கள். வருஷத்தில் அந்தச் சுவர் வழியாகப் பேச்சுக் கேட்கிற ராத்திரி அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் அப்பா அம்மாவிடம், நான் இல்லாமல் போனால் இந்தக் குழு லோனாவது தீரும் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதது இவனுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலண்டரில் முதல் 'வ'.

காலை ஒன்பதரைக்கு அம்மா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவார். அப்பத்தா தெருமுனையில் பூக்கட்ட உட்கார்ந்துவிடுவார். தங்கை பள்ளிக்கு. பிறகு அந்த வீட்டில் அப்பா மட்டும் தனியாக. வலி ஏன் எட்டு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போனது என்று இப்போது புரிகிறதா? பத்து மணிக்கு அப்பா தூங்கியிருப்பார், பையன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அதன் பிறகு வலிக்கக் காரணம் இல்லை.

வீட்டில் அவன் எதையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருந்தான் என்பதையும் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு மாதமாக அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தது என்பது போதும்.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். "வைவாரா?" என்றான். "தெரியாது, ஆனா இது நீ பாக்குற வேலை இல்ல. பெரியவங்க வேலை" என்றேன். சட்டென்று அழுதுவிட்டான்.

அப்பா

அன்று ராத்திரி அவரைத் தனியாக விடக் கூடாது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுநாள் காலை, இரவு ஓட்டம் முடிந்து தூங்காமல் அப்படியே வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்பது வயது இருக்கும், ஐம்பது சொல்லலாம். பையனைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அடிக்கல்லாம் மாட்டேன் மேடம்" என்று ஆரம்பித்தார்.

நேராகக் கேட்டேன். "அண்ணே, உயிரை விட்டுரலாம்னு நெனப்பு வருதா?"

இப்படிக் கேட்கப் பலரும் தயங்குவார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதுபோல் ஆகிவிடாதா என்று. ஆகாது. இதை ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதுதான், நான் இத்தனை வருஷத்தில் கண்டதும் அதுதான். கேட்ட பிறகு பெரும்பாலும் வருவது ஒரு நீண்ட மூச்சு. இவரிடமும் வந்தது. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?"

நினைப்புக்கு எந்தக் காலத்திலும் கேஸ் கிடையாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர்களைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும் இந்தப் பயம் மட்டும் தெருவில் அப்படியே இருக்கிறது. எத்தனை பேர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இது ஒன்றே காரணம் என்று நினைத்தால் ஆத்திரமாக வரும்.

விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கமே வராது, அதனால்தான் இரவு ஓட்டம் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றார். சோறு ருசிக்கவில்லை. கபடி என்றால் உயிர், இப்போது ரவுண்டானா பக்கம் ஆட்டம் நடந்தால்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இது சோம்பலோ கடன் கவலையோ மட்டும் கிடையாது. மனச்சோர்வு நோய். அன்றே அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மாத்திரை தொடங்கினார்கள். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம், அதுவரை ஆள் துணை வேண்டும், நினைத்தபோது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை நானும் ஒருமுறை வீட்டாருக்குச் சொன்னேன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அம்மா மீட்டர் பெட்டிக்கு மேலே கரியால் எழுதி வைத்தார். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கடன் என் துறை இல்லை. ஆனால் ஒன்று தெரிந்திருந்தது. சிறுகடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி. இந்த வீட்டுக்கு ஏழு மணிக்கே ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டிருந்தார். குழுவில் உள்ள நாலு பெண்கள் சேர்ந்து 'ஒன்பதுக்கு மேல வாங்க சார்' என்று சொன்னார்கள். கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. காலைநேரம் மட்டும் அவர்களுடையதாக ஆனது.

2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. என் கோப்பில் பையனுடைய பெயர்தான் இருக்கிறது. மருந்து தேவைப்பட்டது அப்பாவுக்கு. பிள்ளைக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை.

காவல் மாற்றம்

அப்பா பையனிடம் தானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். எனக்கு உடம்புக்கு வருகிற மாதிரி மனசுக்கு நோய் வந்திருக்கிறது, வைத்தியம் பார்க்கிறேன், என்னைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மூன்றே வாக்கியம். முந்தின நாள் என் அறையில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், நன்றாகவே வந்தது. மறுநாள் பையன் எதிரே உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். தங்கை அம்மா மடியில் படுத்துக் காலாட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், நல்லவேளை திறக்கவில்லை.

"தறி ரொம்ப நேரம் நின்னுச்சுன்னா, டீ குடிக்கப் போயிருப்பேன்டா" என்றார். "இனிமே போகும்போது சொவத்துல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போறேன்."

பையன் "ம்" என்றான். நான் எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியமும் அப்புறம் ஒரு வாரம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அவராகவே சொல்லியிருக்கிறார்.

பகல் காவலை அப்பத்தா எடுத்துக்கொண்டார். தெருமுனையை விட்டு, பூக்கூடையோடு வீட்டுத் திண்ணைக்கு மாறினார். "நாலு மொழம் கொறைச்சு விக்கும், போகட்டும் தாயி." பாயும் கைமாறியது. சுவரோரம் பழையபடி அப்பத்தா, பையன் முன்னறையில். முதல் நாலு நாள் அவன் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் கொஞ்சம்.

பள்ளிக்கு மறுபடி போனது டிசம்பர் முதல் வாரம். முதலில் மதியம் வரை. 12.40 மணிக்கு அலுவலக அறையிலிருந்து வீட்டுக்கு ஒரு போன். பயம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு மட்டும்தான். 'பயமா இருக்கு' என்று சொன்னபோதெல்லாம் போன் கொடுத்தால், போன் கிடைப்பதற்கே பயம் வர ஆரம்பித்துவிடும். வீட்டாருக்கு இது கல்மனசு மாதிரி தெரிந்தது. பிள்ளை தவிக்கும்போது ஆறுதல் சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஒவ்வொரு தவிப்புக்கும் ஓடி ஓடிச் சொன்னால், ஓட வேண்டிய விஷயம்தான் போலிருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அரையாண்டுக்கு முன் வாரம் மூன்று போன், பொங்கலுக்குள் ஒன்று. காலையில் 'இப்ப வலிக்குதா, இப்ப?' என்று கேட்பதையும் நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தாய்மாமன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு நாள் புரோட்டா வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். பையன் சாப்பிடவில்லை. அது அப்படியே நிற்கிறது.

மின்தடை நாள்

ஜனவரி கடைசியில் தலைமை ஆசிரியர் போன் செய்தார். மூன்றாம் பீரியடில் எழுந்து, பையைக்கூட எடுக்காமல், கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான் என்று. மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று எல்லோருக்கும் கலக்கம். தாய்மாமன் பெல்ட்டைத் தேடியிருப்பார்.

அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து மாலைவரை அந்த வட்டாரம் முழுக்க மின்சாரம் இல்லை. பள்ளிக்கும் தறித் தெருவுக்கும் இரண்டு சந்து தூரம், வகுப்பில் உட்கார்ந்தாலே தறிச்சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. திடீரென்று ஊரே நின்றுபோனது. அவன் எண்ணத் தொடங்கியிருக்கிறான். நூறு தாண்டியும் சத்தம் வரவில்லை. இருநூறில் ஓடியிருக்கிறான்.

வீட்டுத் திண்ணையில் அப்பத்தா மல்லி கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அப்பா, மின்விசிறி இல்லாமல் வேர்த்துப்போய், பனியனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைதாரா என்று கேட்டேன். இல்லையாம். தண்ணீர் கொடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, கூடவே நடந்து போய் ஐந்தாம் பீரியடுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் அந்தப் பள்ளி வாசலுக்குப் போனது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மாத்திரை வேலை செய்கிறது என்று மருத்துவர் குறித்ததைவிட எனக்கு இது பெரிய அத்தாட்சியாகப் பட்டது.

மின்தடை அறிவிப்பு முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அதைப் பார்த்துக் காலண்டரில் 'மி' என்று குறிப்பது இப்போது பையன் வேலை. மார்ச் மாதத் தாளில் 'வ' ஒன்றே ஒன்று, அதுவும் கல்யாண வீட்டுச் சாப்பாட்டினால்.

ஏப்ரலில் கடைசியாக வந்தபோது நான் கோப்பை மூடுகிற நினைப்பில்தான் இருந்தேன். பையன் நன்றாகத் தூங்குகிறான், தறி நின்றாலும் எழுவதில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை தடவையும் கூடவே வந்து, மடியில் படுத்து, என் மேசைப் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்த தங்கை, தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நான் எந்திரிச்சுப் பாத்துக்கிறேன் மிஸ். எனக்கு அம்பது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறேன்.